கபீபைப் பற்றியும் எழுதுங்கள்

ஐயா,

கலப்புத் தற்காப்புக் கலை என்றாலே ரத்தம் வழியும் முகத்தைத்தான் விளையாட்டுப் பக்கங்களில் பெரிதாகப் போடுகிறார்கள். கபீப் நுர்மகமெதோவின் கதைக்கும் இடம் கொடுங்கள். ரஷ்யாவின் தாகெஸ்தானில் அப்பாவிடமே மல்யுத்தம் பழகியவர்; மோதிய 29 போட்டிகளிலும் வெற்றி. 2020 ஜூலையில் அந்த அப்பாவைக் கொரோனா பாதிப்புக்குப் பறிகொடுத்தார். அக்டோபரில், அபுதாபியில், எதிராளி ஜஸ்டின் கேத்ஜியின் கழுத்தைக் கால்களால் இறுக்கி இரண்டாம் சுற்றிலேயே மயங்கவைத்தார். அப்புறம், போட்டி நடக்கும் கம்பிவலைக் கூண்டின் நடுவே மண்டியிட்டு விம்மி அழுதார். கையுறைகளைக் கழற்றி அங்கேயே வைத்தார். அப்பா இல்லாமல் இனி களமிறங்குவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். வயது 32தான், சாம்பியன் பட்டமும் கையில். அப்பாவின் மாணவர் இஸ்லாம் மகச்செவ் 2022இல் அதே பட்டத்தை வென்றபோது, கபீப் பயிற்சியாளராகப் பக்கத்தில் நின்றார். எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டியது இதைத்தான்.

- வாசகர், திருச்சி