பத்தாம் வசனத்தோடு நிறுத்திவிட்ட பாடம்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. நீ கண்ணைக் காட்டினாயா? சாயங்காலமானால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று நீதான் சொன்னாய். தள்ளிப்போடாதே.

போனில் கேட்டிருப்பேன், நீ எடுப்பதில்லை. வேலை இருக்கும். 22 நாள் ஆகிறது. நான் ஒன்றும் எண்ணிக்கொண்டு உட்காரவில்லை, காலண்டர் எதிரிலேயே தொங்குகிறது. 'சும்மா நச்சரிக்காதே, அவனாகக் கூப்பிடுவான்' என்கிறார் அப்பா. அதனால்தான் கடிதம். கடிதம் மணியடிக்காதே.

விசேஷம் ஒன்றுமில்லை. விடுமுறை வேதாகமப் பள்ளியில் இந்த முறையும் சின்னப் பிள்ளைகள் வகுப்பு என் தலையில்தான். பாடம், சாமுவேலின் சிறுபிராயம். உனக்குத் தெரியாததா? மூன்று வருஷம் நாடகத்தில் நீதானே சாமுவேல். பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் படுத்திருப்பாய். ஆண்டவருடைய குரலாகத் திரைக்குப் பின்னால் நின்ற அக்கா சிரிப்பு தாங்காமல் "சா... சா..." என்று இழுத்துக்கொண்டே இருக்க, கடைசியில் நீயே எழுந்து உட்கார்ந்து "சீக்கிரம் கூப்பிடுக்கா" என்றாய். அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

30 வருஷமாக நடத்துகிற பாடம், புத்தகமே பார்க்க வேண்டாம். ஆனாலும் இந்தத் தடவை என்னவோ, முதலாம் சாமுவேலின் முதல் மூன்று அதிகாரங்களையும் உட்கார்ந்து மெதுவாக வாசித்தேன். தூக்கம் வருவதில்லை, அதுவும் ஒரு காரணம்.

சீலோவில் இருந்த ஆலயத்தில் தேவனுடைய விளக்கு அணைந்துபோகுமுன்னே அந்தக் குரல் வந்தது என்று இருக்கிறது. சாயங்காலம் ஏற்றினால் விடியும்வரை எரிய வேண்டும் என்பது யாத்திராகமத்தில் உள்ள கட்டளை. அப்படியானால் அது விடியப்போகிற நேரம், பிள்ளைகள் அசந்து தூங்குகிற நேரம். அந்த நேரத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இவன் எழுந்து, தன்னை வளர்க்கிற ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான். ஏலிக்குக் கண் இருளடையத் தொடங்கியிருந்தது என்று முந்தின வசனத்தில் இருக்கிறதே, அதை நான் கவனித்ததே இல்லை. கண் தெரியாத கிழவருக்குத் தண்ணீர் வேண்டுமோ, கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டுமோ என்று எத்தனையோ ராத்திரி ஓடிப் பழகிய கால்களாக இருக்கும். "நான் கூப்பிடவில்லை, திரும்பிப் போய்ப் படு" என்கிறார். மறுபடியும் குரல், மறுபடியும் ஓட்டம். மூன்றாம் தடவையும் முணுமுணுக்காமல் "இதோ, இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே" என்று போய் நிற்கிறான். தரிசனம் என்றால் என்னவென்று தெரியுமுன்னே அவனுக்குத் தெரிந்த ஊழியம் அதுதான். கூப்பிட்டால் எழுந்து ஓடுவது.

நீயும் அப்படித்தான் இருந்தாய். ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னால் போய் ஜன்னல்களைத் திறந்து, பாட்டுப் புத்தகங்களை வரிசையாக வைத்து, யாரும் சொல்லாமலே. இதைச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. இப்போதெல்லாம் 'கோயிலுக்குப் போனாயா' என்றால் 'ம்' என்கிறாய். போனேன் என்பதற்கும் அதே 'ம்', பேச்சை மாற்று என்பதற்கும் அதே 'ம்'. பெற்றவளுக்கு வித்தியாசம் தெரியாதா?

சரி, அதை விடு. சாமுவேலைப் பெற்று ஆண்டவருக்கென்று ஆலயத்தில் விட்டுவிட்ட அன்னாளைப் பற்றி எழுத வந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை பலியிட வரும்போது ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு வருவாள். இதை எல்லாரும் உருகி உருகிப் பிரசங்கிப்பார்கள். நான் நினைத்தது வேறு. போன வருஷம் பார்த்த பிள்ளைக்கு எந்த அளவில் வெட்டினாள்? எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டிருப்பாள். சில வருஷம் கை நீளமாகப் போயிருக்கும், சில வருஷம் தோளில் பிடித்திருக்கும். பிறகு அவளுக்கு மூன்று பையன்களும் இரண்டு பெண்களும் பிறந்தார்கள், வேலைக்குக் குறைவில்லை, ஆனாலும் அந்தச் சட்டை தவறவில்லை. எபிரெய வேதாகமத்தில் அந்தச் சட்டைக்கு உள்ள அதே சொல்தான், பிற்காலத்தில் சவுல் ராஜா பிடித்து இழுத்துக் கிழித்த சாமுவேலின் சால்வைக்கும் வருகிறதாம். போதகர் சொன்னார்.

நானும் அளவு தெரியாமல்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். பிறக்குமுன்னே உன்னை ஆண்டவருக்கு என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல் ஊரெல்லாம் சொன்னேன். அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், சத்தம் கேட்கவில்லை. உன் அம்மாவின் பொருத்தனை கேட்காத காது கிடையாது. போகிற வருகிற எல்லாரும் "எப்போது ஊழியத்துக்குப் போகிறாய்?" என்று உன்னைக் கேட்டபோது உன் முகம் போன போக்கை அன்றைக்கு நான் பார்க்கவில்லை. கண்ணைக் காட்டு என்று உனக்குச் சொல்கிறேன், எனக்குத்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும்.

போன வருஷம் வந்திருந்தபோது "நான் நம்புகிறேனா என்றே தெரியவில்லைம்மா" என்றாய். நான் உடனே உன் தலையில் கை வைத்து சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தேன். நீ பேசிக்கொண்டிருந்தாய், நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். இப்போது வாசிக்கும்போது மூன்றாம் அதிகாரம் ஏழாம் வசனம் இடறியது. 'சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்.' ஏலியின் குமாரர் ஓப்னியையும் பினெகாசையும் பற்றி முந்தின அதிகாரத்தில் அதே குற்றச்சாட்டுதான், கர்த்தரை அறியவில்லை என்று. அவர்கள் அறியாமலே வேலைக்காரனை அனுப்பி, மூன்று கூறுள்ள ஆயுதத்தைக் கொப்பரையில் விட்டுக் குத்தவைத்து, ஜனங்களின் பலியை எடுத்துத் தின்றார்கள். இவனும் அறியாமல்தான் அந்தக் கிழவருக்காக ராத்திரியில் ஓடினான். இரண்டு அறியாமையும் ஒன்றா? இதை அன்றைக்கே உனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால், அந்த ஜெபத்தைக் கொஞ்சம் சுருக்கியிருப்பேன்.

இன்னொன்று. இந்தப் பாடத்தை நான் எப்போதும் பத்தாம் வசனத்தோடு நிறுத்திவிடுவேன். 'சொல்லும், அடியேன் கேட்கிறேன்.' அதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததும் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டு, ஜெபித்து அனுப்பிவிடுவேன். நீ ஒரு தடவை வகுப்பில் கையைத் தூக்கி, "டீச்சர், அப்புறம் ஆண்டவர் என்ன சொன்னார்?" என்று கேட்டாய். வகுப்பில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நானே சட்டம் போட்டிருந்தேன். "அது பெரியவர்களுக்கு" என்று சொல்லி உன்னை உட்காரவைத்தேன்.

ஆண்டவர் சொன்னது இதுதான். பிள்ளைகள் செய்கிற அக்கிரமம் தெரிந்தும் ஏலி அவர்களை அடக்கவில்லை, அவன் குடும்பத்துக்கு நியாயத்தீர்ப்பு. தன்னை வளர்த்த கிழவரைப் பற்றி ஒரு சிறுவன் காதில் விழுந்த முதல் வார்த்தை அது. விடியுமட்டும் படுத்திருந்தான், தூங்கியிருக்க மாட்டான். காலையில் எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். அன்றைக்கும் திறந்தான், பார். சொல்லப் பயமாக இருந்தது, ஆனால் கதவு திறக்கிற வேலை அவனுடையது.

யோசேப்பஸ் என்ற பழைய யூத சரித்திர ஆசிரியர் அப்போது சாமுவேலுக்கு 12 வயது என்று எழுதியிருக்கிறார். வேதத்தில் வயது சொல்லவில்லை. 12 என்று படித்ததும் நான் பேனாவை வைத்துவிட்டேன்.

போன மாதம் அந்தப் பெரியவர் இறந்துபோனதை உனக்குப் போனில் சொன்னேன். நல்ல கூட்டம் என்றேன். 'உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே' என்ற வசனத்தை எடுத்துப் பேசினார்கள் என்றேன். நீ "ஓ" என்றாய். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் இந்த 22 நாளும்.

உனக்கு அப்போது 12 வயது. காணிக்கைப் பையை உள்ளறையில் வைத்துவிட்டு வருவது உன் வேலை. அன்றைக்கு ராத்திரி நீ சாப்பிடாமல் என்னிடம் வந்து, "அம்மா, நான் கதவுப் பக்கம் நின்னேன், அவர் பைக்குள்ள..." என்று ஆரம்பித்தாய். நான் உன் வாயைப் பொத்தினேன். நிஜமாகவே கையால் பொத்தினேன். "பெரியவங்களைப் பத்தி அப்படிச் சொல்லக்கூடாது. நீ சரியாப் பார்த்திருக்கமாட்டே. யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன்.

நீ சரியாகப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு முன்பே எனக்குச் சந்தேகம் உண்டு. அக்காவுக்கு ஹாஸ்டலில் இடம் அவர் கொடுத்த கடிதத்தால்தான் கிடைத்தது. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. ஏலிக்கும் அந்தக் கொழுப்பில் பங்கு இருந்தது என்று இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. அவராவது பிள்ளைகளைக் கூப்பிட்டு, "நான் கேள்விப்படுவது நல்லதல்ல" என்று வாயாலாவது சொன்னார். நான் அதுகூடச் செய்யவில்லை. மறுநாள் காலையில் சாமுவேலைக் கூப்பிட்டு, எனக்கு எதையும் மறைக்கவேண்டாம் என்று கேட்டதும் அவர்தான். தனக்கு விரோதமான வார்த்தை என்று தெரிந்தே கேட்டார். முழுதும் கேட்டு முடித்து, "அவர் கர்த்தர்" என்றார். 30 வருஷமாக ஏலியைக் குறை சொல்லிப் பாடம் நடத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நீ போய் ஜன்னல்களைத் திறந்தாய், பையை எடுத்துப்போனாய். பள்ளி முடிக்கும்வரை செய்தாய். மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று அப்பாவிடம் புலம்பினேன். ஏலியின் வீட்டைப் பார்த்தே வளர்ந்த சாமுவேலுக்குக்கூட யோவேலும் அபியாவும் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்குகிற பிள்ளைகளாகப் போனார்களே, நான் எந்த மூலைக்கு என்றேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் பிள்ளை வாங்கவில்லையே" என்றார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆபீசில் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். அதனால் வரவேண்டிய பதவி உயர்வு போயிற்றாம். அக்காவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. முதலில் கோபம்தான் வந்தது. ராத்திரி முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். விடியற்காலையில்தான், என்னிடம் ஏன் சொல்லியிருக்கப் போகிறாய் என்று புரிந்தது.

உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது, அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை.

வியாழக்கிழமை வகுப்பு. இந்தத் தடவை 18-ஆம் வசனம் வரை நடத்தப்போகிறேன். வண்ணம் தீட்ட நேரம் இருக்காது, பரவாயில்லை.

"கதவுப் பக்கம் நின்னேன், அவர் பைக்குள்ள" என்பது வரைக்கும்தான் நான் கேட்டிருக்கிறேன். மீதியைச் சொல்லு. நான் குறுக்கே பேசமாட்டேன், ஜெபமும் பண்ணமாட்டேன். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, போன் என் தலைமாட்டில்தான் இருக்கிறது.

கண்ணைக் காட்டு.

அம்மா