பாப்பாவுக்கு, துளசித் தொட்டி பற்றி

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. "பால்கனியில் என்ன துளசி வைக்கலாம்?" என்று ஒரே வரி. போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் எந்தத் திசை என்று சொல். பழைய பால்கனியில் காலை வெயில் நன்றாக விழும். போட்டோவில் கம்பி வேறு மாதிரி இருக்கிறது. கம்பியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, திசையைத்தான் கேட்கிறேன். எந்தத் துளசியானாலும் தினம் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் கத்திரியில் மதியத்துக்கு மேல் ஒரு பச்சை வலை கட்ட வேண்டியிருக்கும்.

நீ பாஸ்தாவுக்குக் கேட்கிறாய் என்றால் இத்தாலியத் துளசி, ஜெனோவீஸ் என்று கேட்டு வாங்கு. அகல இலை, மென்மையான வாசனை. நம் சென்னை மே மாதத்துக்குக் கொஞ்சம் செல்லம், சட்டென்று வாடும். தாய்லாந்துத் துளசி, அதாவது தாய் பேசில், அப்படியில்லை. தண்டு ஊதா, சோம்பு வாசனை, வெயில் தாங்கும், அடுப்பில் வதக்கினாலும் மணம் போகாது. இரண்டுமே நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். ரோஸ்மில்க்கில் போடுகிற சப்ஜா அதனுடைய விதை. மளிகைக்கடை சப்ஜாவை ஈர மண்ணில் தூவினால்கூட முளைக்கும், இலை மட்டும் சின்னதாக வரும். எல்லா வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விதை எடுக்காதே, கலந்துவிடும்.

கருந்துளசி ஒன்று கட்டாயம் வை. பச்சைத் துளசியை விடக் காரம் அதிகம், கஷாயத்துக்கு அதுதான். மாப்பிள்ளைக்கு மழை ஆரம்பித்தால் தொண்டை கட்டுமே. இந்த மழையில் கட்டியதா என்று நீ சொல்லவே இல்லை. பொங்கலுக்குச் சேர்ந்து வருகிறோம் என்றாய், அப்புறம் தனியாகவும் வரவில்லை. நங்கநல்லூருக்கும் பெருங்குடிக்கும் என்ன, கடலா நடுவில்?

சரி விடு. மேல் வீட்டு மாமியிடம் நீ டீம் லீட் ஆனதைச் சொன்னேன். அவருக்கு முகமே போய்விட்டது.

எத்தனை தொட்டி என்று கேட்பாய். எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? ஒருவருக்கு ஒரு ஜெனோவீஸ் போதும். இரண்டு பேர் என்றால் மூன்று செடி வைத்து மாற்றி மாற்றிக் கிள்ள வேண்டும். நீ ஆபீஸ் வேலையாக வெளியூர் போனால் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் யோசி. கோடையில் சின்னத் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். ஆள் இல்லை என்றால் பெரிய தொட்டியாக வாங்கு.

முக்கியமானது, கதிர் விட விடாதே. கதிர் வந்தால் இலை சிறுத்துக் கசக்கும். ஒரு ஜோடி இலைக்கு மேலே கிள்ளினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமமாகக் கலந்துகொள். ஐப்பசி மழையில் தொட்டிக்கு அடியில் ஓட்டை அடைக்காமல் பார், வேர் அழுகிவிடும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். மாலையில் அடி. கதிரைக் கிள்ளு, மறக்காதே.

அப்பா ஒன்றும் கேட்பதில்லை. உன் ரூம் ஃபேனை மட்டும் ஆள் கூப்பிட்டுச் சரி பண்ணி வைத்திருக்கிறார். ஒருவரும் படுக்காத ரூமுக்கு இப்போது எதற்கு என்றேன், பதில் இல்லை.

இப்போது மாசி. இந்த மாதம் வைத்தால் கத்திரிக்குள் வேர் பிடித்துவிடும். கருந்துளசிக் கன்று, தாய் பேசில் கன்று, ஒரு மூட்டை மண் கலவை எல்லாம் நம் மாடியிலேயே தயாராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆட்டோவில் கொண்டுவருவார். மூட்டை கனம், அவருக்கு முழங்கால் வேறு. அதனால் எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா என்று எழுது. விலாசத்தையும் அனுப்பு. பழைய விலாசமேதான் என்றால் அதையும் சொல்லிவிடு.

அம்மா