பாலிடெக்னிக் பணிமனை: ஒரு மாணவருக்கு எத்தனை ராடு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு அரசின் 2023-24ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், 54 அரசு பாலிடெக்னிக் கல்லூரிகள் 2,783 கோடி ரூபாய் மதிப்பீட்டில் திறன்மிகு மையங்களாகத் தரம் உயர்த்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே, டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் தொழில் 4.0 (கணினி, தானியங்கி சார்ந்த உற்பத்தி) மையங்களாக மாற்றும் பணியும் தொடங்கியிருந்தது. கைத்தொழில் படிப்புக்கென்று இவ்வளவு பெரிய தொகை ஒதுக்கப்பட்டதை என் பணிக்காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டிங், வெல்டிங் பிரிவுகளில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை மனமார வரவேற்கிறேன். எந்தப் பாலிடெக்னிக்கில் புதிய பயிற்சிப் பணிமனை கட்டத் திட்டமிட்டாலும், வரைபடம் போடுவதற்கும் இயந்திரப் பட்டியல் தயாரிப்பதற்கும் முன்பே பதில் காண வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அதைத் தங்கள் நாளிதழ் வழியாக உரியவர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இங்கே சேரும் ஒரு மாணவர், ஒரு பருவத்தில் எத்தனை மணி நேரம் கருவியைத் தன் கையில் பிடித்து வேலை செய்வார் என்பதே அந்தக் கேள்வி.

கேட்பதற்கு மிக எளியதாகத் தோன்றும். ஆனால் நான் பணியாற்றிய இடங்களில் இதற்கு யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. ஒரு பேட்சில் முப்பது பேர் இருப்பார்கள், வெல்டிங் பூத் (பற்றவைக்கும் தடுப்பறை) ஆறு இருக்கும், வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவு, செய்துகாட்டுதல், கடைசியில் இடத்தைக் கூட்டிப் பெருக்குவது எல்லாம் போக இரண்டேகால் மணி நேரம் மிஞ்சும். ஒரு பூத்துக்கு ஐந்து பேர் என்று பிரித்தால் ஆளுக்கு 27 நிமிடம் கிடைக்கும். அந்த 27 நிமிடமும் அவர் பற்றவைப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. நெருப்பில் உருகி இரும்பை இணைக்கும் வெல்டிங் ராடு வாங்கப் பணம் போதாததால், எங்களுக்குக் கிடைத்த ஒதுக்கீட்டில் ஒரு மாணவருக்கு ஒரு வகுப்புக்கு இரண்டு ராடுக்கு மேல் கொடுக்க முடிந்ததில்லை. 3.15 மில்லிமீட்டர் ராடு ஒன்று எரிந்து தீர ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. பருவம் முழுவதற்கும் பதினைந்து வகுப்பு, முப்பது ராடு. ஆக, வெல்டிங் கற்றுத் தேறியதாக மதிப்பெண் பட்டியலில் அச்சிடப்படும் மாணவரின் கையில் நெருப்பு எரிந்த மொத்த நேரம் முக்கால் மணிக்கும் குறைவு.

முக்கால் மணி நேரத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று கூட இருந்து பார்த்தவன் நான். முதல் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பயந்துபோய் இழுப்பார்கள், ஹோல்டர் மட்டும் கையோடு வந்துவிடும். ஐந்தாவது, ஆறாவது ராடில் ஒட்டுவது நிற்கும். ஆனால் ராடு உருகிக் குறையக் குறையக் கையை இறக்கத் தெரியாததால் இடைவெளி கூடி, நெருப்பு அணைந்து அணைந்து எரியும். இருபது, இருபத்தைந்து ராடு தாண்டினால்தான் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவதுபோல அந்தச் சீரான சத்தம் வரும். சத்தம் சரியாக வந்துவிட்டால், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் முகத்தைப் பார்க்காமலேயே, இந்தப் பிள்ளைக்குக் கை வந்துவிட்டது என்று எங்களால் சொல்ல முடியும். அப்படிக் கை வரத் தொடங்கும் நேரத்தில் பருவம் முடிந்துவிடும். அடுத்த பேட்ச் வந்து நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு இதைப் பார்த்துக்கொண்டு நின்றது என் மனதை இன்றும் உறுத்துகிறது.

இக்குறை இயந்திரம் வாங்கினால் தீரக்கூடியதன்று. செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகச் சென்றபோது, ஒரு கல்லூரியில் புதிதாகக் கட்டித் திறந்த பணிமனையைக் காட்டினார்கள். தரை முழுவதும் வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு அது அழகாக இருந்திருக்கும். நான் போன நாளில், இரும்புத் துண்டுகள் விழுந்து பாதி டைல்ஸ் உடைந்து, வெல்டிங் பொறி பட்ட இடமெல்லாம் கருத்துக் குழி விழுந்து கிடந்தது. ஒரு மூலையில் சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஒன்று வந்திறங்கியபோது போட்டிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் நின்றது. அதை ஓட்டுவதற்கேற்ற மின் இணைப்புக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், அது கிடைப்பதற்குள் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார்கள். மாணவர்களுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால், அந்த இயந்திரத்தின் படத்தை ஒவ்வொருவரும் அளவு பிசகாமல் அழகாக வரைந்து, பாகங்களுக்கெல்லாம் பெயர் எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் மீதோ, அங்கே பணிபுரிந்த ஆசிரியர்கள் மீதோ குற்றமில்லை. திட்டமிட்டபோது அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே என் முதல் கோரிக்கை, ஒவ்வொரு புதிய பணிமனைக்கும் கட்டடச் செலவு, இயந்திரச் செலவு என்று திட்ட அறிக்கையில் எழுதும்போதே, ஆண்டுதோறும் ஆகும் பொருள் செலவையும் மாணவர் எண்ணிக்கைக்கேற்பக் கணக்கிட்டு, அதற்கெனத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்கி உறுதி செய்ய வேண்டும் என்பதே. ராடு, தகடு, குழாய், கேஸ், அரம், ஹேக்சா பிளேடு, ஒயர், கையுறை, கண்ணாடி என்று இவையெல்லாம் தீர்ந்துபோகும் பொருள்கள். இயந்திரத்துக்குத் திறப்பு விழா உண்டு. ஒரு பாக்கெட் ராடுக்கு விழா எடுப்பார் இல்லை. அதனால்தான் நிதி குறையும் ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது இந்தத் தலைப்பாக இருக்கிறது. தகட்டைப் பொறுத்தவரை செலவைக் குறைக்க வழியும் உண்டு. திருச்சியை அடுத்த துவாக்குடி, திருவெறும்பூர் பகுதியிலுள்ள ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில் வெட்டிக் கழித்த எம்.எஸ். (மென் எஃகு) துண்டுகள் குவிந்து கிடக்கும். அவை பழைய இரும்பு விலைக்குத்தான் போகின்றன. அருகிலுள்ள கல்லூரி அவற்றை முறைப்படி வாங்கிக்கொள்ள அனுமதி தந்தாலே மாணவர்களுக்குப் பயிற்சி செய்ய வேண்டிய அளவு துண்டு கிடைக்கும். தனிப்பட்ட பழக்கத்தில் நானே சில முறை அப்படிக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஆனால் கணக்கில் ஏற்ற வழியில்லாததால் தணிக்கையில் பதில் சொல்ல நேர்ந்தது.

அடுத்து, கற்றுத்தருபவர். பணிமனையில் மாணவரின் தோளருகே நின்று, "தம்பி, முழங்கையை உடம்போடு ஒட்டி வை" என்று திருத்துபவர் பெரும்பாலும் விரிவுரையாளர் அல்லர். இன்ஸ்ட்ரக்டரும் ஸ்கில்டு அசிஸ்டென்டும்தான். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் பல ஆண்டுகள் காலியாகவே கிடக்க, இருப்பவர் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்ட நிலையை என் காலத்திலேயே கண்டேன். புதிய பணிமனைக்கு எத்தனை இயந்திரம் என்று எழுதும் அதே பக்கத்தில் எத்தனை பயிற்றுநர் என்பதும் எழுதப்பட வேண்டும். அந்தப் பணியிடங்கள் நிரப்பப்பட்ட பிறகே மாணவர் சேர்க்கை தொடங்க வேண்டும். இருபது ஆண்டுகள் பாய்லர் குழாய் பற்றவைத்துக் கை தேர்ந்த ஒருவர், பட்டமில்லை என்ற ஒரே காரணத்தால் வகுப்புக்குள் வர முடியாத நிலை மாறி, அத்தகையோரை வாரத்தில் இரண்டு நாளாவது மதிப்பூதியத்தில் அழைத்துக்கொள்ள விதி செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, காற்று. இது உயிர் சார்ந்தது என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருளாக 2017-இல் வகைப்படுத்தியது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு இது தெரியாது. ஒரு மின்விசிறியை வைத்துப் புகையைப் பக்கத்து பூத்துக்குத் தள்ளிவிட்டு நாள்முழுதும் நின்றோம். இனிக் கட்டுகிற பணிமனையில் பதினாறு வயதுப் பிள்ளைகளை அப்படி நிறுத்த யாருக்கும் உரிமையில்லை. ஒவ்வொரு பூத்திலும் புகை எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அமைப்பு வேண்டும். கட்டி முடித்த பின் சுவரை உடைத்து அதைப் பொருத்துவதைவிட, வரைபடத்திலேயே சேர்ப்பது செலவு குறைவு. உயரமான கூரை, கான்கிரீட் தரை, லாரி பின்னோக்கி வந்து தகடு இறக்குமளவு அகலமான கதவு, எல்லா பூத்தும் ஒரே நேரத்தில் எரிந்தாலும் தாங்கும் டிரான்ஸ்பார்மர் ஆகியவையும் அப்படியே. எந்தப் பயிற்றுநரைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் இந்தப் பட்டியலைச் சொல்லிவிடுவார்.

டிப்ளமா படிப்பவர்கள் மேற்பார்வையாளராகப் போகிறவர்கள், அவர்களுக்கு இவ்வளவு கைவேலை எதற்கு, அது ஐ.டி.ஐ. மாணவர்களுக்கானதன்றோ என்று சிலர் கேட்பதுண்டு. திருச்சியில் வாழ்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். 1960-களில் இங்கே பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்ததிலிருந்து, இந்த ஊரின் பல்லாயிரம் குடும்பங்கள் வெல்டிங்கை நம்பி வளர்ந்தவை. 1975-இல் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இங்கு அமைந்தது. ஒரு பெரிய கொதிகலனில் ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும், நீராவி கசிந்து, மின் உற்பத்தி அலகையே நிறுத்த வேண்டி வரும். அந்த இணைப்பை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே, வெல்டரின் கை போகும் வேகத்தைப் பார்த்து, இங்கே அண்டர்கட் (இணைப்பின் ஓரத்தில் பள்ளம்) விழும் என்று நிறுத்திச் சொல்லக்கூடியவரே மேற்பார்வையாளர். தானே நூறு முறை தவறு செய்து பார்த்திராதவருக்கு அந்தக் கண் வாய்ப்பதில்லை. ரோபோ வந்துவிட்டதே என்றால், அதற்கும் டார்ச் பிடிக்கும் கோணத்தையும் நகரும் வேகத்தையும் ஒருவர்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கோவையில் 1945-இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கின் முதல்வராக இருந்த ஜி.டி. நாயுடு, நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்கும், இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடி, அரசு ஏற்காதபோது பொறுப்பிலிருந்து விலகினார். அவர் சொன்ன கால அளவு சரியா என்பது வேறு விவாதம். படிப்பில் எவ்வளவு நேரம் உண்மையான வேலைக்குப் போகிறது என்று அவர் கேட்டதை நாமும் கேட்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் பணிமனையால் ஊருக்குப் பாதிப் பயன்தான். 2010-களில் மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது, ஒரே ஆலையின் வேலையை நம்பியிருந்த இப்பகுதி சிறு யூனிட்டுகள் பலவும் தத்தளித்தன. வேறு வகை வேலைக்கு மாற நினைத்தவர்களுக்கு டிக் வெல்டிங்கோ (வாயுப் பாதுகாப்பில் செய்யும் நுட்பமான பற்றவைப்பு), ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலையோ பழகிப் பார்க்க இடம் கிடைக்கவில்லை. வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ போக விரும்பும் இளைஞர், குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தி அதைச் சுற்றிவந்து பற்றவைக்கும் 6ஜி தேர்வுக்காகத் தனியார் மையங்களில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார். பொதுப் பணத்தில் கட்டப்படும் பூத்துகள் மாலையிலும் சனிக்கிழமையிலும் குறைந்த கட்டணத்தில் இவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அந்த வருமானம் மாணவர்களின் ராடு செலவுக்கே திரும்ப வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், அரசுப் பள்ளியில் படித்துப் பாலிடெக்னிக்கில் சேரும் மாணவியருக்கும் கிடைக்கிறது; சேர்கிறவர்களுக்குப் பணிமனை அருகிலேயே உடை மாற்ற அறையும் கழிப்பறையும் அவர்கள் கைக்கேற்ற கையுறையும் இருந்தால்தான் அவர்கள் ஆர்வத்தோடு வேலை பழகுவார்கள். என்னிடம் பயின்றவர்களிலேயே மிகச் சீராகப் பற்றவைத்தவர் ஒரு மாணவி. அவர் பருவம் முழுவதும் தன் கைக்குப் பெரிதான கையுறையை மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: புதிய பணிமனைக்கான வரைபடத்தையும் கருவிப் பட்டியலையும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், ஒரு மாதம் அந்தக் கல்லூரியின் பழைய பணிமனைச் சுவரிலேயே ஒட்டி வையுங்கள். அங்குள்ள இன்ஸ்ட்ரக்டர்களும், கடைசி ஆண்டு மாணவர்களும், அக்கம்பக்கத்து யூனிட்டுகளின் ஃபோர்மேன்களும் அதில் பென்சிலால் திருத்தம் எழுதட்டும். வரைபடத்தின் மேல் ஓரத்தில், ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை ராடு என்ற இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பணிமனைப் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி.