பசிக்கு முன்னால் குளிரை எழுது

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதும் சிறுவர் நாவலில் அனுப்பிய ஐந்து அத்தியாயங்களையும் படித்தேன். நடையில் கை வைக்க எனக்கு ஒன்றுமில்லை. காட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காட்டில் மழையில் நனைந்து வழிதவறிய உன் நாயகன் கதிர் முதல் நாள் மாலையே பழம் தேடி அலைகிறான். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பசிக்கும்தான். ஆனால் சோறில்லாமல் உடம்பு வாரக்கணக்கில் தாங்கும். ஈரச் சட்டையோடு காற்றில் உட்கார்ந்தால் ஓர் இரவைத் தாண்டுவதே சந்தேகம். அதற்கு உறைபனி வேண்டியதில்லை, 10 டிகிரிக் குளிரும் மழைக்காற்றும் போதும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கம் எடுக்கும், பேச்சு குழறும், பட்டன் போட விரல் வளையாது. இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். படிக்கிற பிள்ளை 'அப்பாடா' என்று மூச்சுவிடும் இடம் அது. ஆபத்து முற்றுவதும் அங்கேதான். நாலாம் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல திருப்பம் கிடைக்காது.

ஆகவே பழத்தை விட்டுவிட்டு அவனைச் சருகு அள்ள வை. கூரையை ஒரு பக்கம் முழுக்க வர்ணித்திருக்கிறாய், படுக்கையைக் காணோம். உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொண்டே இருக்கும். படுத்து அமுங்கிய பிறகும் ஒரு சாண் கனம் நிற்க வேண்டும் என்றால் முழங்காலுக்கு மேலே குவிக்கணும்.

அடுத்தது தீ. கிட்டப்பார்வைக் கண்ணாடியால் அவன் தீ மூட்டும் காட்சியை எடுத்துவிடு. அது குழி லென்ஸ், வெயிலைக் குவிக்காது, சிதறடிக்கும். நோபல் வாங்கிய எழுத்தாளர் ஒருவரே இதில் சறுக்கியிருக்கிறார், வாசகர்கள் இன்றும் விட்டபாடில்லை. சிக்கிமுக்கிக் கல்லும் துருப்பிடிக்கும் ரக எஃகுக் கத்தியும் கொடு. கல்லின் கூர்விளிம்பு எஃகைச் சுரண்டும், அந்தத் துகள்தான் பொறியாகப் பறக்கும். பொறி சுள்ளியில் பற்றாது, கருக்கிய பருத்தித் துணி வேண்டும். துணியைக் கருக்கவே தீ வேண்டுமே! அதனால் டப்பாவில் அடைத்த கருகல் துணி முதல் அத்தியாயத்திலேயே அவன் பையில் ஏறியாக வேண்டும். துணி கனன்றதும் உலர்ந்த நார்ப்பந்துக்குள் பொதிந்து மெல்ல ஊத வேண்டும். பிறகு தீக்குச்சிக் கனச் சுள்ளி, பென்சில் கனம், கட்டைவிரல் கனம். அவசரப்பட்டுத் தடித்த கட்டையை வைத்தால் அணைந்துவிடும்; ஒருமுறை அணையட்டும், நம்பும்படி இருக்கும். விறகைத் தரையிலிருந்து பொறுக்கவிடாதே, ஈரம் ஏறியிருக்கும். நின்றபடி காய்ந்த கிளை 'படக்'கென்று ஒடியும்.

தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஆனால் நீ சொல்லும் இரட்டைச் சுவர் பிளாஸ்க்கைத் தீயில் வைத்தால் வெடிக்கலாம். ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டிலாக மாற்று, மூடியைக் கழற்றச் சொல்.

பாம்புக் கடிவாயைக் கீறி உறிஞ்சும் காட்சி வேண்டவே வேண்டாம். விஷம் வெளியே வராது, புண்தான் பெரிதாகும். படிக்கும் பிள்ளைகள் அப்படியே செய்து பார்ப்பார்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துவிட்டு, மும்மூன்று தடவையாக விசில் ஊதட்டும். தேடி வருபவர்களுக்கு அது ஆபத்துக் குறி என்று புரியும்.

ஆறாம் அத்தியாயம் முடிந்ததும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா