கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஆயர் ஐயாமார்களுக்கு, ஸ்தோத்திரம்.

அப்பமும் திராட்சரசமும் பெறும் நற்கருணை ஞாயிறுகளில் சபை வரிசை வரிசையாக முன்னே வரும்போது, எழுந்திருக்காத சிலரைப் பீடத்திலிருந்து நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் அப்பாவும் அப்படி ஒருவர். அம்மாவின் கைப்பை, எங்கள் பாட்டுப் புத்தகங்கள், சில நாள் பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குழந்தை, எல்லாவற்றையும் மடியில் வாங்கிக்கொண்டு 11 வருஷம் உட்கார்ந்திருந்தார்.

நிலப் பங்கில் பெரியப்பாவோடு சண்டை. பேச்சு நின்றுபோனது. பெரியப்பா சாகக் கிடந்தபோது ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்; அப்பா போகவில்லை. அடக்கத்துக்குத்தான் போனார். அப்புறம் ஒரு மூப்பரிடம் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவர், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபமான 1 கொரிந்தியரின் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து, அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு, அதாவது தகுதியற்ற விதத்தில் நற்கருணை எடுப்பவனுக்குத் தண்டனை, என்று காட்டி அனுப்பிவிட்டார்.

அந்த அதிகாரத்தை 27-ஆம் வசனத்திலிருந்து மட்டும் வாசிக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். 17-இலிருந்து வாசித்தால் கதையே வேறு. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள்; ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறியாயிருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்திய அந்தப் பந்தியைத்தான் பவுல் கண்டிக்கிறார். ‘அபாத்திரமாய்’ என்பது சாப்பிடும் விதத்தைச் சொல்லும் சொல். ‘அபாத்திரன் வரக்கூடாது’ என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் யார்தான் வர முடியும்? தன்னைச் சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறார். சோதித்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை.

மலிவான மன்னிப்பைக் கேட்கிறேன் என்று நினைக்கவேண்டாம். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னது எனக்கும் தெரியும். அப்பாவும் அந்தப் பங்கைப் பெரியப்பா பிள்ளைகள் பேருக்கே எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவரால் எழுந்து போக முடியவில்லை. ஒருநாள் கேட்டேன். “நான் நிம்மதியா இருந்தா, அண்ணன் சும்மா செத்த மாதிரி ஆயிடும்ல” என்றார். அண்ணனுக்குச் செய்யும் மரியாதையாகவே அந்தக் குற்ற உணர்வைப் பிடித்துவைத்திருந்தார். சபையோ அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது.

கெட்ட குமாரன் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான்: என்னை உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். லூக்கா 15-இல் தகப்பனுக்கு முன் அந்தக் கடைசி வரி அவன் வாயிலிருந்து வருவதே இல்லை; அதற்குள் தகப்பன் வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். நாங்கள் பலர் வீட்டுக்குள் வந்த பிறகும் அந்தக் கூலிக்காரன் வரியை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எப்படி அறிக்கையிடுவது என்று ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் ஒவ்வொரு வருஷமும் நீங்கள் சொல்லித் தருகிறீர்கள். எப்படி வாங்கிக்கொள்வது என்று சொல்லித் தருவதில்லை. பாவ அறிக்கை முடிந்ததும், பாவம் மன்னிக்கப்பட்டது என்று நீங்கள் சொல்லும் விமோசன வார்த்தை, அடுத்த பாட்டின் எண்ணைப் போல ஓடிவிடுகிறது.

கத்தோலிக்க நண்பர்களுக்கு, குருவிடம் தனியே பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத் தொட்டியாவது இருக்கிறது. நம்மவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் மார்ட்டின் லூத்தர் வழிவந்த லூத்தரன்கள் 1530-இல் ஆக்ஸ்பர்க்கில் கொடுத்த விசுவாச அறிக்கையின் 11-ஆம் பகுதியே, தனிப்பட்ட பாவ விமோசனத்தைச் சபைகளில் வைத்துக்கொள்ளவேண்டும் என்கிறது. எல்லாப் பாவத்தையும் பட்டியல் போடத் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதை ஏன் கைவிட்டோம்?

அப்பா விஷயத்தில் கடைசியில் ஒரு புது ஆயர் வீட்டுக்கு வந்தார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. காப்பி குடித்தார், முழுக் கதையும் கேட்டார். யோவான் 18-இல் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்; 21-இல் இயேசு மீன் சுட்டுவைத்திருந்ததும் கரிநெருப்பின்மேல்தான் என்றார். அப்புறம் தலையில் கைவைத்து, பேர் சொல்லி, மன்னிப்பின் வார்த்தையைச் சொன்னார். அடுத்த மாதம் அம்மாவின் கைப்பை என் மடிக்கு வந்தது.

பேதுருவைப் போலக் கசந்து அழுகிறவனை உடனே சிரிக்கச் சொல்லவேண்டாம். ஆனால் துக்கப்பட்ட ஒருவனைப் பற்றி, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று அதே கொரிந்து சபைக்குத்தான் பவுல் மறுபடி எழுதினார். அது சபைக்கு இட்ட வேலை.

ஆராதனை முடிந்து நீங்கள் வாசலில் நின்று கைகொடுக்கும்போது, நற்கருணை எடுக்காதவர் பக்கவாசல் வழியாகப் போயிருப்பார். அவர் விலாசம் சபை ரிஜிஸ்டரில் இருக்கும்.

கிறிஸ்துவுக்குள்,
சேகரத்துச் சபையார் ஒருவர்