இடுப்புக்குப் போன கைகள்

சான் அன்டோனியோ, டெக்சஸ்
பிப்ரவரி, ஞாயிறு இரவு

மாப்ளே,

கிறிஸ்மஸுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சிக்கு மறுபடியும் நைட் டியூட்டி. சின்னவன் 'ழ' சொல்ல ஆரம்பித்துவிட்டான், உன்னைவிடச் சுத்தமாக. மொட்டைக்குக் கல்யாணம் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை, போட்டோ அனுப்பு.

சங்கதி என்னவென்றால், மூன்று வாரத்துக்கு முன் ஆராதனையில் காணிக்கை எடுத்து முடிந்து ஜெபம் நடக்கிறது. எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறோம். பின்னால் ஏதோ ஒரு பொடியன் இரும்பு மடக்கு நாற்காலியைத் தட்டிவிட்டான். சிமெண்ட் தரை. டமார்! கண்ணைத் திறந்தால், ஏழெட்டுப் பேருடைய வலது கை இடுப்பில் சொருகிய துப்பாக்கி மேல் இருக்கிறது. காணிக்கைத் தட்டு வைத்திருந்தவர் அதை இடது கைக்கு மாற்றியிருந்தார், ஒரு காசு சிந்தவில்லை. ஞாயிறுதோறும் எங்களுக்கெல்லாம் 'பை' என்கிற பலகாரம் சுட்டுக்கொண்டு வருகிற பாட்டி இருக்கிறாளே, அவள் கை ஹேண்ட்பேக்குக்குள். போதகர் மட்டும் ஜெபத்தை நிறுத்தவில்லை. ஆமென் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரில் சாவியைப் போடும்போதுதான் கை நடுங்கியது.

நம்ம கோயிலில் பாதுகாப்பு என்றால் கோயில்பிள்ளையும் அவர் பிரம்பும்தானேலே. ஆட்டுக்கு ஒன்று, நமக்கு இரண்டு.

இவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. எங்கள் சபையில் பாதிப் பேர் பட்டாளத்து ஆட்கள். சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்கிற ஊர் இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். 2017 நவம்பர் 5, இதே போல ஒரு ஞாயிறு ஆராதனை. வயிற்றிலிருந்த சிசுவோடு சேர்த்து 26 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். சுட்டவன் முன்னாள் விமானப்படைக்காரன், வீட்டில் அடித்து உதைத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். அந்தத் தண்டனையை எஃப்.பி.ஐ.க்குத் தெரிவிக்க விமானப்படை தவறிவிட்டது, அவனும் கடையில் போய்த் துப்பாக்கி வாங்கிவிட்டான். வாசலுக்கு வாசல் கொடி பறக்கிற ஊரில் இதை யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

அந்த நாற்காலி விழுந்த மறுவாரமே என்னைக் கூப்பிட்டார்கள். சபையின் பாதுகாப்புக் குழுவில் சேரணுமாம். துப்பாக்கிப் பயிற்சி இலவசம். பைபிளில் நெகேமியா காலத்தில் ஒரு கையால் அலங்கம், அதாவது நகர மதில், கட்டி மறு கையில் ஆயுதம் பிடித்தார்களே, அதுதான் இவர்களுக்கு மனப்பாட வசனம். கூடவே 2019 டிசம்பரில் ஒயிட் செட்டில்மென்ட் என்கிற டெக்சஸ் ஊரில் நடந்ததையும் சொன்னார்கள். அங்கே ஆராதனையில் சுட ஆரம்பித்தவனைக் குழுவில் இருந்த ஒருவர் ஆறு நொடியில் வீழ்த்திவிட்டார். உண்மைதான். அந்த ஆறு நொடிக்குள் சபையார் இரண்டு பேர் போய்விட்டார்கள், அதுவும் உண்மை. எந்த உண்மையை எடுத்துக்கொள்வது? வீட்டில் கேட்டேன். "குண்டு பட்டு வருகிறவர்களுக்கு ராத்திரி முழுக்கக் கட்டுப் போட்டுவிட்டு வருகிறேன். வீட்டில் ஒன்று இருந்தால் நான் ஊருக்குப் போய்விடுவேன்" என்றாள். போவாள், உனக்குத் தெரியுமே.

இழுத்துக்கொண்டே இருந்தேன். பிப்ரவரி முதல் ஞாயிறு இங்கே நான்கு ராணுவப் போதகர்களை நினைக்கிற நாள். எங்கள் சபையில் வியட்நாமில் மெடிக்காக, அதாவது காயப்பட்ட சிப்பாய்களுக்கு முதலுதவி செய்கிறவராக, இருந்த கிழவர் ஒருவர் எழுந்து அந்தக் கதையைச் சொன்னார். 1943 பிப்ரவரி 3, நடுராத்திரி தாண்டி, கிரீன்லாந்துக்குப் பக்கத்தில் டார்செஸ்டர் என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அடித்தது. 902 பேர் இருந்த கப்பல். லைஃப் ஜாக்கெட்டோடுதான் படுக்க வேண்டும் என்று கேப்டன் முன்னமே உத்தரவு போட்டிருந்தார். கீழ்த்தளத்தில் இன்ஜின் சூடு, புழுக்கம். பலபேர் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். இருட்டில் ஓடி வந்தவர்களுக்கு அந்த நான்கு பேரும் பெட்டியிலிருந்து ஜாக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டி காலியானதும் தாங்கள் போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு மெதடிஸ்ட், ஒரு ரிபார்ம்டு சபைக்காரர், ஒரு கத்தோலிக்கக் குரு, ஒரு யூத ரபி. பிழைத்தது 230 பேர்தான், அதில் இந்த நால்வர் இல்லை. நம்ம ஊரில் கல்லறைத் தோட்டச் சுவருக்கு இரண்டு சபைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனது ஞாபகம் வந்தது.

மற்றவர்களெல்லாம் ஜாக்கெட் கழற்றிக் கொடுத்ததற்குக் கண் கலங்கினார்கள். எனக்கு அந்தப் புழுக்கம்தான் மண்டையில் நின்றது. நானும் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்குகிற ஆள்தானே மாப்ளே.

முடிந்ததும் கிழவரிடம் போனேன். "துப்பாக்கி பிடிக்க ஆள் நிறைய இருக்கிறார்கள், ரத்தத்தை நிறுத்தத்தான் ஆள் இல்லை" என்று டூர்னிகே ஒன்றைக் கையில் கொடுத்தார். நாடா மாதிரி ஒரு பட்டை, நடுவில் முறுக்குவதற்கு ஒரு குச்சி, அவ்வளவுதான். இதைப் போட்டால் காலே போய்விடும் என்று டாக்டர்களே பயந்த காலம் உண்டாம். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில்தான் அந்தப் பயம் தெளிந்தது. இதையெல்லாம் போட்டுச் சோதித்த ராணுவ ஆராய்ச்சிக்கூடம் எங்கள் ஊர்ப் பட்டாள முகாமுக்குள்ளேயே, ஃபோர்ட் சாம் ஹியூஸ்டனில் இருக்கிறது. இத்தனை வருஷம் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

இன்றைக்குச் சொல்லிவிட்டேன்: வாசலில் நிற்கிறேன், ரத்தக் கட்டுப் பையோடு, துப்பாக்கி இல்லாமல். தலையாட்டினார்கள். ஆனால் ஒன்று உறுத்துகிறது. எனக்காகச் சுட அந்தப் பாட்டி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் நான் வெறுங்கையோடு பரிசுத்தவான் வேஷம் போடுகிறேனோ? நம்ம ஊர்ச் சபை ஐயரிடம் கேட்காதே, பிரசங்கத்தில் போட்டுவிடுவார். நீ சொல்லு.

தம்பி ஏப்ரலில் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு டூர்னிகே கொடுத்து விடுகிறேன், நீ புல்லட் ஓட்டுகிற லட்சணத்துக்கு வண்டியிலேயே கிடக்கட்டும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, முழங்கால், முழங்கை மூட்டின் மீது படாமல், ரத்தம் நிற்கும்வரை குச்சியை முறுக்கு. உயிர் போகிற மாதிரி வலிக்கும், நேற்று என் தொடையிலேயே போட்டுப் பார்த்தேன், இன்னும் கன்றிக் கிடக்கிறது. கட்டிய மணியைப் பட்டையிலேயே எழுதிவிடு. பேனா வைத்துக்கொள்ளுலே, பரீட்சைக்கே வேறொருத்தனிடம் பேனா வாங்கி எழுதினவன் நீ.

உன்,
ஒல்லி