எடைச்சீட்டில் குறைந்த இருபத்திரண்டு கிலோ

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்கள் இருவர் (அண்ணன், தங்கை, பெயர்கள் ஒப்பந்தத்தில் உள்ளபடி),
தற்போது வசிப்பது: ஜப்பான்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
வீடு காலி செய்து தரும் நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: பெருந்துறை வட்டத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டின் பழைய பொருட்களை அகற்றியதில் ஒப்பந்த மீறல், பேட்டரி அமிலம், குளிர்பெட்டி வாயு, சமையல் எரிவாயு உருளைகள், பெயர் வெட்டிய பாத்திரங்கள் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

கடந்த மாதம் 14, 15 தேதிகளில் உங்கள் ஆட்கள் ஆறு பேர் இரண்டு வண்டிகளோடு வந்து வீட்டைக் காலி செய்தார்கள். கட்டணம் 24,000 ரூபாயை முன்கூட்டியே கட்டிவிட்டோம். பழைய சாமான் விற்று வரும் பணமும் உங்களுக்கே என்று ஒப்புக்கொண்டோம். பதிலுக்கு நாங்கள் கேட்டது ஒன்றுதான்: எந்தப் பொருள் யார் கைக்குப் போனது என்று எழுத்தில் கணக்கு. கடல் தாண்டி இருப்பவர்களுக்குச் சீட்டுதான் கண்.

நீங்கள் அனுப்பிய எடைச்சீட்டு, வண்டியில் ஏற்றும்போது எடுத்த காணொளி, பணி நிறைவுச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சான்றில் "அனைத்தும் விதிப்படி அகற்றப்பட்டன" என்று ஒரே வரி. எடைச்சீட்டோடு அந்த வரி ஒத்துப்போகவில்லை.

முதலில் இன்வெர்ட்டர் பேட்டரி. அது 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி. உத்தரவாத அட்டையில் அமிலத்தோடு எடை 57 கிலோ என்று இருக்கிறது. வீட்டைப் பார்வையிட வந்த அன்று உங்கள் மேற்பார்வையாளர் எழுதிய பட்டியலிலும் அதே எண்தான். எடைச்சீட்டிலோ 35 கிலோ. இந்த அளவு பேட்டரியில் ஏறக்குறைய 18 லிட்டர் அமிலக் கரைசல் இருக்கும். தண்ணீரைவிட அது கனம் என்பதால் 21, 22 கிலோ வரும். குறைந்த எடையும் சரியாக அவ்வளவுதான். "வெயில்ல தண்ணி வத்தியிருக்குமுங்க" என்று போனில் சொன்னார்கள். வற்றுவது தண்ணீர் மட்டுமே, அமிலம் ஆவியாகாது. தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றினாலும் ஐந்தாறு கிலோவுக்கு மேல் குறையாது. பார்வையிட்ட அன்று எடுத்த படத்தில், உள்ளே நீர்மட்டம் காட்டும் ஆறு மிதவைக் குச்சிகளும் மேலேதான் நிற்கின்றன. ஆக, பேட்டரியைக் கவிழ்த்து அமிலத்தைக் கொட்டிய பிறகே தராசில் வைத்திருக்கிறீர்கள்.

எங்கே கொட்டினார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. கிணற்றடிக்குப் போகும் வழியில், கருவேப்பிலைச் செடியை ஒட்டி, இரண்டடி அகலத்துக்குப் புல் கருகிக் கிடப்பதை எங்கள் மாமா படம் எடுத்து அனுப்பினார். அது கந்தக அமிலம் மட்டும் அல்ல. ஓடித் தேய்ந்த பேட்டரியின் அடியில் தங்கும் ஈயச் சேறும் அதோடு வெளியே வந்திருக்கும். அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு முறித்துவிடலாம். ஈயம் மண்ணிலேயே தங்கும். அந்த இடம் கிணற்றிலிருந்து இருபதடிகூட இல்லை. குத்தகைக்காரர் குடும்பம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். இந்தக் கடிதத்தில் எங்களுக்கு மிகப் பெரிய மனக்குறை இதுதான்.

அமிலத்தை ஏன் கொட்டுகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஈயத்தைச் சில்லறையாக உருக்குபவர்கள் அமிலத்தோடு வரும் பேட்டரியை எடுப்பதில்லை. வண்டியில் சிந்தினால் தகரம் அரிக்கும், எடையும் வீண். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை அமிலத்தோடுதான் வாங்கும். அமிலத்தை முறிக்க அங்கே தனித் தொட்டி இருக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியை மற்றக் கழிவோடு கலக்காமல், அதைச் சேகரிக்கவோ மறுசுழற்சி செய்யவோ உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பேட்டரிக் கடையில் கொடுத்திருந்தாலே போதும். புதுப் பேட்டரி விற்கும் கடைக்காரர் பழையதை அப்படியே எடுத்துக்கொள்வது ஈரோட்டிலும் திருப்பூரிலும் அன்றாட வழக்கம்.

அடுத்தது குளிர்பெட்டி இரண்டும். ஆசாரக் கூடத்தில் இருந்தது 165 லிட்டர் ஒற்றைக் கதவுப் பெட்டி. பின்பக்கச் சீட்டில், உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு ஆர்-134ஏ என்று அச்சடித்திருந்தது. மாடு கட்டும் கட்டுத்தரையில் தீவன மருந்து வைத்திருந்த பழைய பெட்டி 1990களின் தொடக்கத்தில் வாங்கியது. அதில் இருந்தது ஆர்-12. இரண்டையும் முழுதாக ஏற்ற வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் நான்காவது வரி. காணொளியில் இரண்டுக்கும் அடியில் கம்ப்ரஸர் இல்லை. செம்புக் குழாய் கட்டிங் பிளேயரால் நறுக்கிய நுனியோடு தொங்குகிறது. கொல்லைத் திண்ணையில் எண்ணெய்க் கறை.

குழாயை நறுக்கிய நொடியிலேயே வாயு வெளியே போய்விடும். ஒரு வீட்டுப் பெட்டியில் இருப்பது நூறு கிராம் அளவுதான் என்று அலட்சியமாக நினைப்பார்கள். ஆர்-134ஏ ஒரு கிலோ வெளியேறினால், சுமார் 1,400 கிலோ கரியமில வாயு செய்யும் வெப்பக் கேட்டைச் செய்யும். ஆர்-12 அதைவிடப் பல மடங்கு கேடு. ஓசோன் படலத்தையும் அரிக்கும். அதனால்தான் உலகம் முழுவதும் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. முறையாகச் செய்தால் கம்ப்ரஸரின் நிரப்புக் குழாயில் துளையிடும் வால்வைப் பொருத்தி, வாயுவை மீட்பு இயந்திரத்தால் உருளைக்குள் இழுத்து, எண்ணெயைத் தனியாக வடித்து, அதற்குப் பிறகே குழாயை வெட்ட வேண்டும். இதற்கான கருவி உங்கள் வண்டியில் இல்லை. இல்லாதபோது பெட்டியை முழுதாக ஏற்றிப் பதிவு பெற்றவர்களிடம் சேர்ப்பதுதான் வேலை. அதற்குத்தான் நாங்கள் கூலி கொடுத்தோம்.

இன்னொன்றையும் உங்கள் ஆட்களின் நன்மைக்காகவே சொல்கிறோம். இப்போது விற்கும் புதுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ. அது எரியும் வாயு. கேஸ் டார்ச் வைத்து இதே போல வெட்டினால் கை முகம் வெந்துபோகும்.

தொலைக்காட்சி: 21 அங்குலம் ஒன்று, அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஒன்று. இரண்டும் பழைய குழாய்த் திரை வகை. பின்கழுத்தில் சுற்றியுள்ள செம்புக் கம்பிக்காகக் கழுத்தை உடைப்பார்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் கண்ணாடி வெடித்துத் தெறிக்கும், கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயமும் உண்டு. சீட்டில் "டிவி பாடி 2" என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். குழாயோடு போயிற்றா, குழாய் இல்லாமலா? மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத்தான் நாங்கள் மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும் "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றனுங்க" என்ற பதில்தான் வந்தது.

எரிவாயு உருளைகளைப் பற்றி எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் முடியாது. வீட்டில் இரண்டு உருளைகளும் ஒரு ரெகுலேட்டரும் இருந்தன. அவை எங்கள் சொத்தல்ல, எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. இணைப்பை ஒப்படைக்க எஸ்.வி. ரசீது (இணைப்பு வாங்கியபோது தந்த வைப்புத் தொகைச் சீட்டு), உருளைகள், ரெகுலேட்டர் மூன்றும் விநியோகஸ்தரிடம் போக வேண்டும். வைப்புத் தொகை அப்போதுதான் திரும்பும். ரசீதையும் அதிகாரக் கடிதத்தையும் உங்கள் மேற்பார்வையாளர் கையிலேயே மாமா கொடுத்தார். இன்றுவரை ஒப்படைத்த சீட்டு வரவில்லை. எடைச்சீட்டின் கடைசி வரி: "இதர இரும்பு – 31 கிலோ." எங்கள் பட்டியலில் வேறு இரும்பே கிடையாது; கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் குத்தகைக்காரருக்குக் கொடுத்தாயிற்று. பீரோவும் கட்டிலும் தனித் தனி வரிகளில் இருக்கின்றன. 14.2 கிலோ எரிவாயு பிடிக்கும் உருளையின் வெற்று எடை பதினைந்து கிலோவுக்குச் சற்று மேல். அது கைப்பிடித் தகட்டிலேயே பொறித்திருக்கும். இரண்டு உருளை என்றால் 31 கிலோ. வீட்டு உபயோக உருளையை ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், போடுவது சட்டப்படி குற்றம். மிச்ச வாயுவோடு ஒருவர் அதை வெல்டிங்கில் அறுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. உருளை தொலைந்தால் அபராத விலை எங்கள் பெயரில் வரும். அது சிறிய விஷயம். உருளைகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதை உடனே சொல்லுங்கள்.

பாத்திரங்கள். அட்டாலிப் பரணில் இருந்த பித்தளை அண்டா, தவலை, போசி, குத்துவிளக்கு எல்லாம் சேர்த்து 42 கிலோ. அதில் பெயர் வெட்டியவை பதினொன்று. அவற்றைத் தனி மூட்டையாகக் கட்டி மாமா வீட்டில் சேர்க்க வேண்டும், மற்றதை விற்கலாம் என்பது ஒப்பந்தம். சீர் வரிசையில் வந்தவை, யார் கொடுத்தது என்று விளிம்பிலேயே எழுதியிருப்பவை. உருக்கினால் பிறகு எந்தப் பணம் கொடுத்தும் மீட்க முடியாது. மாமா வீட்டுக்கு வந்தது நான்கு. மீதி ஏழு எந்தப் பாத்திரக் கடைக்குப் போயின? பழைய பித்தளை உடனே உலைக்குப் போவதில்லை. கடைக்காரர்கள் நல்ல உருப்படியைச் சில வாரம் ஒதுக்கி வைப்பார்கள், பாத்திரமாகவே விற்றால் விலை கூட என்பதால். ஆகவே இந்த வாரமே போய்க் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. தாமதிக்காதீர்கள்.

கணினியின் வன்தட்டைக் கழற்றி மாமாவிடம் தரவேண்டும் என்றிருந்தோம், அதுவும் வரவில்லை. அழித்துவிட்டோம் என்று வாய்மொழியாகச் சொல்வது போதாது. ஃபார்மட் செய்த தட்டிலிருந்தும் கோப்புகளை மீட்க முடியும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கட்டுத்தரைப் பரணில் பாதி நிறைந்த எண்டோசல்ஃபான் பூச்சிமருந்துத் தகரம் ஒன்று இருந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த மருந்து அது. உங்கள் ஆட்களில் ஒருவர் அதைத் தொடாமல், நிமிர்த்தியபடியே வைத்து, படம் எடுத்து உடனே தகவல் சொன்னார். மிகச் சரியான செயல். பீரோவின் உள்ளறையை மாமா முன்னிலையில் திறந்து, பத்திரங்களையும் கிணற்றுப் பங்குப் பேப்பரையும் எண்ணி ஒப்படைத்ததும் அவர்தான். மனது வைத்தால் உங்களால் சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

நாங்கள் வசிக்கும் ஜப்பானில் ஏசி, தொலைக்காட்சி, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் நான்குக்கும் 2001 ஏப்ரல் முதல் தனிச் சட்டம் நடக்கிறது. வீட்டுக்காரர்தான் கட்டணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்ட சீட்டு ஒட்டுவார்கள். அந்த எண்ணை வைத்துப் பெட்டி ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நம்மூரில் ஆக்கர் கடைக்காரர்தான் நமக்குக் காசு கொடுக்கிறார். அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்பதும் முறையல்ல. ஆனால் நீங்கள் எங்களிடம் காசு வாங்கியிருக்கிறீர்கள், அதனால்தான் கணக்குக் கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்:

எரிவாயு உருளைகளின் இருப்பிடம் இரண்டு நாளுக்குள் தெரிய வேண்டும். அவற்றை விநியோகஸ்தரிடம் நீங்களே சேர்த்து, இணைப்பு முடித்த சீட்டை அனுப்புங்கள்.

அமிலம் கொட்டிய இடத்தில் மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் பீப்பாயில் மூடி, அபாயகரமான கழிவைக் கையாள அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். சாக்கில் கட்டாதீர்கள், ஓட்டையாகிவிடும். குழியில் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவித் தண்ணீர் தெளித்து, நுரை அடங்கும்வரை மறுபடி போட வேண்டும். பிறகு பிஹெச் தாளில் 7க்குப் பக்கம் காட்ட வேண்டும். மழைக்கு முன்னால் இதைச் செய்வது அவசியம். கிணற்றுத் தண்ணீரில் ஈயம் உள்ளதா என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கும் செலவும் உங்களுடையது. அறிக்கை வரும்வரை குத்தகைக்காரர் வீட்டுக்குக் குடிதண்ணீர் கேன் நீங்கள் அனுப்ப வேண்டும்.

ஏழு பாத்திரங்களும் வன்தட்டும் மாமா வீட்டுக்கு வர வேண்டும்.

குளிர்பெட்டி, தொலைக்காட்சி, பேட்டரி ஒவ்வொன்றுக்கும் வாங்கியவர் பெயர், பதிவு எண், தேதி, எடை உள்ள ரசீது வேண்டும். இல்லையென்றால் கட்டணத்தில் பாதி, 12,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்.

இனி வெளிநாட்டில் இருந்து வேலை கொடுப்பவர்களுக்கு எடைச்சீட்டின் முதல் எடையை வீட்டு வாசலிலேயே போடுங்கள். வாசல் எடையும் கடை எடையும் ஒரே தாளில் இருந்தால், இடையில் நடந்தது தானே தெரிந்துவிடும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இணையம் வழியே தாக்கல் செய்யலாம். வெளிநாட்டில் இருப்பதால் விட்டுவிடுவோம் என்று எண்ண வேண்டாம்.

இணைப்பு: ஒப்பந்த நகல், பார்வையிட்ட பட்டியல், எடைச்சீட்டு, பேட்டரி உத்தரவாத அட்டை, படங்கள் 14, காணொளி 2.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள்